அருப்புக்கோட்டைக்குக் கீழே நாலு வேலை

மே 11, ஞாயிறு

யுகேந்திரன் சென்னையிலிருந்து வந்தான். கல்யாண மாப்பிள்ளை. ஜூன் எட்டாம் தேதி முகூர்த்தம். சாப்பிட்ட கை காய்வதற்குள் வீட்டில் உள்ள எல்லாருடைய செல்லையும் வாங்கி வைத்துக்கொண்டான். என்னுடையதையும்.

“அப்பத்தா, இது நம்ம எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்டு. நீ இங்க தொட்டா அப்பா செல்லுலயும் தெரியும், அம்மா செல்லுலயும் தெரியும், சென்னைல எனக்கும் தெரியும்.”

காட்டினான். மேலே பெரிதாகக் கல்யாணம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே மண்டபம், சாப்பாடு, துணிமணி, அழைப்பு, பலகாரம். ஒவ்வொன்றையும் திறந்தால் அதற்குக் கீழே குட்டி வேலைகள். அந்தக் குட்டிக்கும் குட்டி உண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வட்டம். வேலை முடிந்ததும் வட்டத்தைத் தொட்டால் டிக் விழுகிறது, எழுத்தின்மேல் கோடு விழுகிறது, அந்த வரி ‘முடிந்தவை’ என்ற பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

எனக்கு எதற்கு இது என்று கேட்டேன். உன் அப்பன் சௌந்தரத்தின் கல்யாணத்தை ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் நடத்தியவள் நான். மூன்றாம் பந்தியில் நாலாவது இலைக்குமேல் வடை போகவில்லை. சமையல்காரனின் மச்சான் அண்டாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவன் கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

“அதான் அப்பத்தா. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்களுக்கு இல்லைல?” என்றான்.

எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். பலகாரமும் வத்தலும் என் பெயருக்கு விழுந்தன.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் வருஷா வருஷம் மருந்துக்கடையில் கொடுக்கிற டைரியில் எழுதிக்கொண்டுதான் வருகிறேன், யார் என்ன சொன்னார்கள், எந்தக் கிழமை என்று. பின்னால் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று யாரும் என்னிடம் தப்ப முடியாது.

மே 13, செவ்வாய்

மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்தேன். நல்ல வெயில். காக்கைக்குக் குடை விரித்துக் கட்டினேன். இறங்கி வந்து செல்லில் வட்டத்தைத் தொட்டேன்.

சாயங்காலம் என் மருமகள் விஜயராணி பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வந்ததும் சிரிக்கிறாள்.

“என்ன அத்தை, ஒரே நாள்ல மோர் மிளகா, சுண்டவத்தல், கொத்தவரங்கா எல்லாம் முடிச்சிட்டீங்க? ஆபீஸ்ல செல்லப் பாத்து அசந்துட்டேன்.”

நான் கூழ் வடகத்துக்கு முன்னால் இருந்த வட்டத்தைத் தொடாமல், மேலே வத்தல் வடகம் என்ற தலைப்பின் வட்டத்தைத் தொட்டிருக்கிறேன். தலைப்பைத் தொட்டால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே முடிந்ததாகக் கணக்காம். செய்யாத வேலையும் சேர்ந்து போய்விடுகிறது.

“தலைப்ப மட்டும் தொட்டுறாதீங்க அத்தை. தப்பித் தவறித் தொட்டாலும் அடியில ‘திரும்பக் கொண்டுவா’ன்னு ஒண்ணு வரும், ஒடனே அதத் தொட்டுருங்க.”

இரண்டு தடவை செய்து பார்த்தேன். அந்த எழுத்து பத்து எண்ணும் நேரம் நிற்கிறது. நிதானமாகத் தொடலாம்.

இன்னொன்றும் சொன்னாள். கீழே உள்ள வேலை எல்லாவற்றுக்கும் டிக் போட்டாலும் தலைப்பு தானாக முடியாது. அதை நாம்தான் தொட வேண்டும்.

மே 14, புதன்

அழைப்பு என்ற தலைப்பைத் திறந்து பார்த்தேன். என் வேலை இல்லைதான். எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்றால் பார்ப்பதில் என்ன வந்தது?

நத்தம், ஒட்டன்சத்திரம், அருப்புக்கோட்டை என்று ஊர் ஊராக இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குக் கீழே மூன்று வேலை.

தமயந்தி சித்திக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கணும்
பவாவுக்குப் பட்டுச் சேலை
பவாவை முடிச்சுப் போடக் கூப்பிடணும்

மூன்றுக்கும் எதிரே சௌந்தரத்தின் பெயர்.

தமயந்தி என் சின்னவன் தனுஷ்கோடியின் பெண்டாட்டி. பவா என்கிற பவதாரணி அவர்களுடைய ஒரே பெண். யுகேந்திரனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. தங்கை முறைக்கு இருப்பது இவள் ஒருத்திதான். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டும் இவள் கையால்தான். அதெல்லாம் சரி.

கோடி போய்ப் பதினோரு வருஷம். பிப்ரவரி 19, புதன்கிழமை, காலை பத்தேகால். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். செல்லில் தெரியாத நம்பர். எடுத்தேன். “அத்தை, அவரு போயிட்டாரு” என்றாள் தமயந்தி. ஆஸ்பத்திரிப் போனிலிருந்து பேசுகிறாள். மஞ்சள் காமாலை முற்றி மூன்று நாளாக அங்கே கிடந்திருக்கிறான் என் பிள்ளை. சௌந்தரம் அப்போது குவைத்தில். விஜயராணி அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பழனிக்குப் போயிருந்தாள். இந்தத் திண்டுக்கல்லில் பெற்றவள் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

கருமாதி அன்று அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று.  தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “இனிமே என் வாசல மிதிக்காத” என்று சொன்னேன்.

அன்றிலிருந்து மிதிக்கவில்லை. சௌந்தரமும் விஜயராணியும் போகிறார்கள், வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

மே 16, வெள்ளி

மோர் மிளகாய் ஊற வைத்தேன். முழங்கால் வலி.

மே 19, திங்கள்

நேற்று ஒட்டன்சத்திரத்தில் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்கள். விஜயராணி ஆபீசிலிருந்து போன் செய்தாள்.

“அத்தை, ஒட்டன்சத்திரம் முடிஞ்சுச்சு, நான் டிக்கு போட மறந்துட்டேன். நீங்க போட்டு விட்டுருங்களேன்.”

போட்டேன். போட்டுவிட்டு எடுக்கும்போது விரல் அடுத்த வரியில் பட்டுவிட்டது. அருப்புக்கோட்டை என்ற தலைப்பு. அது அப்படியே கீழே இருந்த மூன்றையும் இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டது. அடியில் அந்தத் ‘திரும்பக் கொண்டுவா’ வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். படித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சுண்டைக்காய் காய்ந்துவிட்டது, அள்ள வேண்டியிருந்தது.

மே 22, வியாழன்

சேலை எடுக்கப் போனோம். சம்பந்தி வீட்டுக்கு, நத்தத்தில் இருக்கிற சொந்தக்காரிக்கு, எனக்கு என்று. விஜயராணி ஒவ்வொருவருக்கும் கலர் கேட்டுக் கேட்டு எடுக்கிறாள். நான் இதுவரை யாரிடமும் கலர் கேட்டதில்லை. என் கண்ணுக்குப் பட்டதை எடுப்பேன்.

கோடி இறந்த வருஷம் பொங்கலுக்கு இரண்டு மருமகளுக்கும் நான்தான் எடுத்தேன். தமயந்திக்கு மயில்கழுத்துப் பச்சை. பிரித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கலர் எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு அத்தை” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜனவரி 14, செவ்வாய், மத்தியானம். ஐந்து கடை ஏறி இறங்கி எடுத்த சேலை.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் அவளோடு பேசவில்லை. அவள் நம்பர் வந்தால்கூட. சரி, அது வேறு விஷயம். இங்கே எழுத வேண்டியதில்லை.

மே 24, சனி

சௌந்தரம் கடைக்குக் காயில் கம்பி வாங்க மதுரைக்குப் போய்வந்தான். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு மாதம் இரண்டு தடவை மதுரை உண்டு. அங்கிருந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரம். போகவில்லை. விஜயராணியும் ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. செல்லில்தான் முடிந்துவிட்டதே.

மே 27, செவ்வாய்

யுகேந்திரன் பேசினான். “அப்பத்தா, பவாவுக்கு என்ன கலர் சேலை எடுத்தீங்க? அவளுக்குச் சொல்லாம வச்சிருக்கீங்களா?”

உங்க அம்மாவைக் கேளு என்றேன். அடுப்பில் பாகு இருந்தது.

மே 29, வியாழன்

அதிரசம் எட்டு பிரிந்துபோயிற்று. எனக்குப் பாகுபதம் தப்பியதே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

யுகேந்திரன் லீவில் வந்துவிட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். பவாவுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

“என்னடி, முடிச்சு போட்டுப் பழகிட்டியா? மூணாவது முடிச்சு அவுந்துச்சுன்னா நீதான் பொறுப்பு.”

“என்ன முடிச்சுண்ணே?” என்றது அந்தப் பெண். “தேதி நீ சொன்ன, சரி. வீட்டுலருந்து யாரு வந்தா? ரெண்டு வாரமா எங்கம்மா காலைல எந்திரிச்சதும் வாசலப் பெருக்கிக் கோலம் போட்டுட்டு ரோட்டப் பாக்குது. எங்களுக்கு இன்னும் பத்திரிகையே வைக்கல.”

யுகேந்திரன் போனை அணைத்தான். விஜயராணியும் சௌந்தரமும் ஆரம்பித்தார்கள்.

“நீங்கதான மதுரைக்குப் போனீங்க? டிக்கு விழுந்திருந்துச்சு, அப்படியே போயிட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் கம்பி வாங்கப் போனேன். டிக்கப் பாத்துட்டு நீ போயிட்டு வந்துட்டன்னுல்ல நான் நெனச்சேன்!”

“நான் போனா உங்ககிட்டச் சொல்ல மாட்டேனா?”

“என்னத்தச் சொல்லிருக்க இதுவரைக்கும்?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்றான் யுகேந்திரன். “யாரு எப்பத் தொட்டான்னு இதுலயே இருக்கும்.”

இது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். அவன் எதையோ திறந்தான், படித்தான், பிறகு செல்லைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டான். சௌந்தரம் எடுத்துப் பார்த்தான். என் பெயர்தான். குருவம்மாள், மே 19, காலை 11.42 என்று இருந்திருக்கிறது. கிழமைகூடப் போட்டிருந்ததாம். எனக்கு மட்டும்தான் ஞாபகம் உண்டு என்று நினைத்திருந்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஜயராணி மட்டும் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்தைக்கு விரல் தவறியிருக்கும். ஒட்டன்சத்திரத்துக்கு அடுத்த வரிதான அது? நான்தான் அத்தைகிட்டப் போடச் சொன்னேன்.”

ஆமாம், விரல் தவறிவிட்டது என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மே 13 அன்று எனக்குத் ‘திரும்பக் கொண்டுவா’ சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

ஜூன் 2, திங்கள்

சௌந்தரம் தமயந்திக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். இன்றைக்கே நேரில் வருகிறேன் என்றான். அவள் சொன்னதை என்னிடம் வந்து அப்படியே சொன்னான்.

“‘நீங்க வந்தா சந்தோசமா வாங்கிக்கிறேன் மச்சான். ஆனா வாசல மிதிக்காதன்னு சொன்னது அத்தை. அத்தை வாயால வான்னு சொல்லாம நான் வரமாட்டேன்’னுச்சு. பவாவும் அம்மா வராம நான் மட்டும் வரமாட்டேன்னு நிக்கிது. ஆறு நாள் இருக்கும்மா. மேடையில முடிச்சு போட யாரக் கூப்பிடுவேன்? எம்புள்ளைக்கு யாரு இருக்கா?”

 பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஒண்ணு சொல்றேன் கேளு. குவைத்துலருந்து நான் வந்து எறங்குனன்னைக்கே தமயந்திகிட்டக் கேட்டேன், ஏம்மா எங்கம்மாகிட்டச் சொல்லலன்னு. ‘பதட்டத்துல தோணல மச்சான், என் தப்புதான்’னுச்சு. இந்தப் பதினோரு வருசமும் எப்பக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். தப்புன்னு ஒத்துக்கிட்ட புள்ளைய மன்னிச்சு விட்டுரும்மா.”

அவன் கடைக்குப் போய்விட்டான். நான் வெகு நேரம் வெங்காயம் உரித்தேன். இன்று சமையலுக்கு வெங்காயம் தேவையில்லை.

பதட்டத்தில் தோணவில்லை என்றா சொன்னாள்?

பிப்ரவரி 17, திங்கள், மாலை ஆறு பத்து.
பிப்ரவரி 18, செவ்வாய், மதியம் ஒன்றரை.
பிப்ரவரி 19, புதன், காலை எட்டே முக்கால்.

மூன்று தடவையும் அவள் நம்பர். மூன்று தடவையும் பார்த்தேன். மூன்று தடவையும் எடுக்கவில்லை. கலர் இருக்கிறது என்று சொன்னவள்தானே, அடிக்கட்டும் என்று இருந்தேன். நாலாவது தெரியாத நம்பர், அதனால் எடுத்தேன்.

இதை நான் எந்த டைரியிலும் எழுதியதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கடைக்குப் போய்ப் பவாவுக்குப் பட்டுச் சேலை எடுத்தேன். மயில்கழுத்துப் பச்சை. கடையில் அதுதான் நன்றாக இருந்தது.

வந்து செல்லில் ‘முடிந்தவை’ பெட்டியைத் திறந்தேன். அருப்புக்கோட்டையைக் கண்டுபிடித்துத் திரும்பத் தொட்டேன். கோடு போய்விட்டது, வரி மேலே வந்துவிட்டது, கீழே மூன்றும் பழையபடி வெறும் வட்டத்தோடு நின்றன. சௌந்தரத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு நாலாவதாக ஒரு வேலை சேர்த்தேன். நானே எழுத்து எழுத்தாகத் தொட்டுப் போட்டது.

போன்

இரண்டு நிமிஷத்தில் கடையிலிருந்து சௌந்தரம் கூப்பிட்டான். “அம்மா, லிஸ்ட்டுல போன்னு போட்டிருக்கியே, புதுப் போன் வேணுமா? இப்ப ஏம்மா, கல்யாணம் முடியட்டும்.”

வேண்டாம், அது என் வேலை என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் என் முதல் வேலைக்குக் கீழே யாரோ இரண்டு குட்டி சேர்த்திருக்கிறார்கள். ‘அத்தைக்குப் பிரஷர் மாத்திரை.’ ‘மோர் பாட்டில்.’ எதிரே விஜயராணியின் பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் தனியாகப் போக வேண்டியதில்லை.

ஜூன் 4, புதன்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆரப்பாளையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி. அங்கிருந்து அருப்புக்கோட்டை. விஜயராணி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மண்டப வேலை என்று சௌந்தரம் வரவில்லை.

தமயந்திக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை. லீவு போட்டிருந்தாள். வாசலில் பெரிய கோலம். நான் கோலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். வாசலை மிதிக்காதே என்று சொன்னவள் அவள் வாசலை எப்படி மிதிப்பது? விஜயராணி உள்ளே போய்விட்டாள். நான் நின்றேன். தமயந்தி வெளியே வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது.

“வெயில்ல நிக்காதீங்க அத்தை. உள்ள வாங்க.”

போனேன். பவா கதவில் சாய்ந்து நின்றாள். கோடியின் நெற்றி, கோடியின் மூக்கு. பெரியம்மா வாங்க என்று விஜயராணியைக் கேட்டது. என்னைக் கேட்கவில்லை.

“அப்பத்தாவுக்கு வழியெல்லாம் ஞாபகம் இருந்துச்சா?” என்றது.

“ஏய், வாய மூடு,” என்றாள் தமயந்தி.

“இருக்கட்டும். என் பேத்திதான? கணக்கு வச்சுக் கேக்குறா.”

தாம்பாளத்தை விஜயராணி கொடுத்தாள். என்னைப் போலத் தாலி அறுத்தவள் கொடுத்தால் ஊர் ஒன்று சொல்லும். தமயந்தி இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதல் வேலை முடிந்தது. அடுத்தது சேலை. பவா பிரித்தது. தமயந்தி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் மறக்கவில்லை.

“இந்தக் கலர் இவகிட்ட இல்ல அத்தை,” என்றாள். வாய் ஓரத்தில் சிரிப்பு.

“இருந்தாலும் கட்டட்டும்,” என்றேன்.

காப்பி வந்தது. பவாவைப் பார்த்து, அண்ணன் கல்யாணத்துக்கு நீதான் முடிச்சுப் போட வேண்டும் என்றேன். அது அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மூன்றாவது வேலை அங்கேயே நின்றது. நாலாவதை முடிக்காமல் மூன்றாவது முடியாது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. விஜயராணி எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தாள். இரு, நீயும் கேள் என்றேன்.

“தமயந்தி, நீ மூணு தடவ போன் அடிச்ச. நான் பாத்தேன். ஒன் நம்பர்னு தெரிஞ்சுதான் எடுக்கல.”

“தெரியும் அத்தை.”

“தெரிஞ்சா, கருமாதியில நான் அத்தன பேச்சுப் பேசயில வாயத் தொறந்து சொல்லிருக்க வேண்டியதுதான? சௌந்தரத்துக்கிட்ட ஏன் ஓந்தப்புன்னு சொன்ன?”

அவள் காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். வைத்து, கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“மூணாவது தடவ அடிச்சது நான் இல்ல அத்தை. அவரு. அம்மாகிட்ட நான் பேசுறேன், எனக்குன்னா எடுக்கும்னு செல்ல வாங்கிக்கிட்டாரு. பேச முடியாத நேரம்தான். முழுசா அடிச்சு நின்னுச்சு. செல்ல எங்கிட்டக் குடுத்துட்டு, ‘அம்மா குளிக்கப் போயிருக்கும்’னாரு. அதச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாரு. அவரு அப்படியே நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அத நான் எதுக்கு மாத்தணும்?”

அன்று நான் குளித்தது காலை ஆறு மணிக்கு. எட்டே முக்காலுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். செல் என் மடியில் இருந்தது.

பவாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. குடித்தேன். பிறகு சொன்னேன்.

“வா. என் வாசலுக்கு வா. நாளைக்கே வா.”

“நாளைக்கு வேல இருக்கு அத்தை. சனிக்கிழம காலைல வந்துர்றோம்.”

 திரும்பும்போது பஸ்ஸில் மதுரை தாண்டியதும் விஜயராணி மோர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். மாத்திரையும். பிறகு என் செல்லை எடுத்து, “நீங்களே போடுங்க அத்தை” என்று பட்டியலைத் திறந்து காட்டினாள். ஒவ்வொன்றாகத் தொட்டேன். பஸ் குலுங்கியது. விரல் தவறவில்லை.

ஜூன் 7, சனி

தமயந்தியும் பவாவும் காலை எட்டேகால் வண்டிக்கு வந்தார்கள். வாசலில் நின்று வா என்று கூப்பிட்டேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கருமாதியில் நான் பேசியதைக் கேட்டவள் அவள். இதையும் கேட்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆறரை ஏழரை முகூர்த்தம். யுகேந்திரன் ஒரு முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டையும் பவா பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது.

தமயந்தி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“வேணாம் அத்தை, ஆளுக ஏதாவது பேசுவாக.”

“பேசட்டும். எவ பேசுறான்னு நான் ஞாபகம் வச்சுக்கிறேன்.”

மூன்றாம் பந்திக்கும் வடை வந்தது. நானே போய் நின்று பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

வீடெல்லாம் பூ வாடிக் கிடக்கிறது. யுகேந்திரன் பெண்டாட்டியோடு மறுவீட்டுக்குக் கிளம்பும் முன்னால் செல்லை நீட்டினான்.

“எல்லாம் முடிஞ்சுச்சு அப்பத்தா. இந்தா பாரு, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி நிக்கிது. அருப்புக்கோட்டை. கீழ நாலும் முடிஞ்சு, நீ தலைப்பத் தொடாம விட்டுட்ட. தொட்டுட்டேன்னா லிஸ்ட்ட அழிச்சிரலாம்.”

அழிக்காதே என்றேன். தொடவும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும், எனக்கு அதில் இன்னும் வேலை இருக்கிறது.

அவர்கள் போன பிறகு அருப்புக்கோட்டைக்குக் கீழே புதிதாக ஒரு வரி போட்டேன். எதிரே சௌந்தரத்தின் பெயர். கடையிலிருந்து உடனே கூப்பிட்டான்.

“என்னம்மா இது, குளியலறையில பலகையா? எதுக்கு?”

“போன் வைக்க.”

“தண்ணி பட்டுரும்மா.”

“படாத ஒசரத்துல அடி. கை எட்டணும், அம்புட்டுத்தான்.”

 சாயங்காலம் ஆணியும் பலகையும் கொண்டுவருகிறேன் என்றான். அதுவரை குளிக்காமல் இருக்கிறேன்.